இடனறிதல்: புரதக் கைனேஸ்களின் உடன்வடிவங்களும் உடலின் திசுக்களும்

மனித உடலில், முதிர்ந்த சிவப்பணுக்கள் போன்ற சிலவற்றை விலக்கிப் பார்த்தால், எல்லா உயிரணுக்களும் ஒரே மரபணுத் தொகுதியைத்தான் தாங்கி நிற்கின்றன. அவ்வாறிருந்தும் இதயத்தசை ஓயாமல் துடிக்கிறது, கல்லீரல் சர்க்கரையைச் சேமித்து வேளை பார்த்து இரத்தத்துக்கு வழங்குகிறது, சிறுமூளை நடைக்கு நிதானம் தருகிறது. உணவு உண்டபின் கணையம் சுரக்கும் இன்சுலின் இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் செல்கிறது; அதைப் பெற்ற தசை சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது, கல்லீரல் சர்க்கரை வெளியிடுவதைக் குறைக்கிறது, கொழுப்புத் திசு தன்னிடமுள்ள கொழுப்பு கரையாமல் காக்கிறது. ஒரே செய்தி மூன்று இடங்களில் மூன்று வேலையாக மாறுவது எப்படி என்னும் வினாவுக்கு உயிர்வேதியியல் தந்துள்ள விடைகளுள் முதன்மையான ஒன்று, புரதக் கைனேஸ்கள் எனப்படும் நொதிகளின் குடும்பங்களுக்குள் அடங்கியிருக்கிறது.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து நிற்கின்றன. வினை மேற்செல்லும் அரசன் எண்ணிப் பார்க்க வேண்டியவை என்று வள்ளுவர் வகுத்த இம்மூன்றும் ஒரு நொதியை ஆராய்வோருக்கும் பொருந்துவன. நொதி எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பது அதன் வலி. எப்போது விழித்து எப்போது அடங்குகிறது என்பது அதன் காலம். எந்தத் திசுவில், எந்த உயிரணுவில் குடியிருக்கிறது என்பது அதன் இடம். கைனேஸ் ஆராய்ச்சியில் முதல் இரண்டும் நெடுங்காலம் முன்னே நின்றன. மூன்றாவது பின்னர்தான் தனக்குரிய மதிப்பைப் பெற்றது. ஒரு கைனேஸின் தொழில் அதன் வடிவத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, அது வாழும் இடத்தாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பதை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

1. பாஸ்பேட்டும் கைனேஸும்

பாஸ்பேட் என்பது ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி ஆக்சிஜன் அணுக்கள் அமைந்த, எதிர்மின்னேற்றம் கொண்ட சிறு தொகுதி. ஒரு மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்றொன்றில் பொருத்தும் நொதிக்குப் பெரும்பாலும் கைனேஸ் என்று பெயர். அது பொருத்தும் இடம் ஒரு புரதமாக இருந்தால் அந்நொதி புரதக் கைனேஸ் ஆகிறது. பாஸ்பேட்டைக் கொடுப்பது ஏடிபி, அதாவது அடினோசின் டிரைபாஸ்பேட் எனப்படும், உயிரணுவின் ஆற்றல் நாணயமாக விளங்கும் மூலக்கூறு. இந்த ஏடிபியின் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு: சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பின்னர் ஹார்வர்ட் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து பாஸ்பரஸை அளவிடும் முறையை 1925-ல் வகுத்தார், அம்முறையின் துணையால் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தறிந்து 1929-ல் இருவரும் வெளியிட்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே அதைக் கண்டறிந்தார்.

புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த மாலைகள் எனலாம். அவற்றுள் செரின், திரியோனின், டைரோசின் என்னும் மூன்றின் மேல்தான் புரதக் கைனேஸ்கள் பெரும்பாலும் பாஸ்பேட்டைப் பொருத்துகின்றன. அந்தச் சிறு தொகுதியின் மின்னேற்றம் புரதத்தின் மடிப்பைச் சற்றே திருப்புகிறது. அத்திருப்பத்தால் உறங்கிய நொதி விழிக்கலாம், விழித்த நொதி உறங்கலாம், ஓரிடத்தில் நின்ற புரதம் இடம்பெயரலாம். பாஸ்படேஸ் என்னும் மற்றொரு வகை நொதி அந்தப் பாஸ்பேட்டை அகற்றிப் புரதத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. ஏரியின் மதகு திறப்பதும் அடைப்பதுமாக வயலின் நிலையை மாற்றுவது போல, இவ்விரு நொதிகளும் உயிரணுவின் நிலையை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகிய இருவரும், தசையிலுள்ள கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் என்னும் நொதி செயல்நிலைக்கு வர ஏடிபி தேவைப்படுவதை 1955-ல் காட்டினர். கிளைக்கோஜன் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கிளை கிளையாகப் பிணைந்த சேமிப்புப் பொருள். அதை உடைத்துச் சர்க்கரையாக்குவது பாஸ்பாரிலேஸ். அப்பாஸ்பாரிலேஸின் மேல் பாஸ்பேட்டைப் பொருத்தி அதை விழிக்கச் செய்வது பாஸ்பாரிலேஸ் கைனேஸ். இக்கண்டுபிடிப்புக்காக இருவரும் 1992-ல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் தசையில் ஆய்ந்த அதே காலத்தில் ஏர்ல் சதர்லாந்து கல்லீரலில் இதே நொதியை ஆய்ந்துகொண்டிருந்தார் என்பதும், இரு திசுக்களின் நொதிகளும் ஒன்றல்ல என்பதும் குறிக்கத்தக்கவை. கைனேஸ் இயல் பிறந்தபோதே திசு வேறுபாடும் உடன் பிறந்துவிட்டது.

2. உடன்வடிவம் என்னும் கருத்து

அறிவியலார் ஐசோஃபார்ம் என வழங்குவதை இவ்வுரை உடன்வடிவம் எனக் குறிக்கிறது. அமைப்பில் நெருங்கிய ஒற்றுமையும், செய்யும் வேதிவினையில் ஏறக்குறைய ஒருமையும் கொண்டு, ஆனால் தனித்தனிப் புரதங்களாக நிற்பவை உடன்வடிவங்கள். அவை பிறக்கும் வழிகள் இரண்டு. படிமலர்ச்சியின் நெடிய காலத்தில் ஒரு மரபணு இரட்டிப்பாகி, இரு படிகளும் சிறிது சிறிதாக வேறுபட்டுப்போவது ஒரு வழி. ஒரே மரபணுவின் செய்தியிலிருந்து சில துண்டுகளைச் சேர்த்தும் சிலவற்றை நீக்கியும் உயிரணு வெவ்வேறு புரதங்களை ஆக்கிக்கொள்வது மற்றொரு வழி. இரட்டித்த மரபணுக்களில் புரதத்துக்குரிய பகுதி பெரிதும் மாறாமலிருந்தாலும், அம்மரபணுவை எங்கே விழிக்க வைப்பது என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டுப் பகுதி மாறிவிடக்கூடும்; அவ்வாறு மாறும்போது ஒரு வீட்டில் பிறந்த உடன்பிறப்புகள் வெவ்வேறு ஊர்களில் குடியேறி, அந்தந்த ஊரின் தொழிலுக்கு ஏற்பத் தம்மை அமைத்துக்கொள்வது போன்ற நிலை ஏற்படுகிறது.

மனித மரபணுத் தொகுதியில் 518 புரதக் கைனேஸ் மரபணுக்கள் இருப்பதாக ஜெரார்ட் மேனிங்கும் அவருடைய குழுவினரும் 2002-ல் பட்டியலிட்டனர். பல்வேறு உயிரிகளின் மரபணுத் தொகுதிகளிலிருந்து கைனேஸ்களை இனங்கண்டு தொகுத்த தரவுத்தளம் ஒன்றைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் நா. சீனிவாசன் குழுவினர் 2004-ல் வெளியிட்டனர். இத்தகைய பட்டியல்கள் உறவுமுறையைக் காட்டுகின்றன. ஆனால் யார் எங்கே வாழ்கிறார் என்பதைத் தாமாகக் காட்டுவதில்லை.

திசுவுக்குத் திசு உடன்வடிவம் மாறும் என்னும் உண்மையைப் பொதுமக்கள் தம்மை அறியாமலே மருத்துவமனை ஆய்வறிக்கையில் சந்தித்திருக்கக்கூடும். கிரியாட்டின் கைனேஸ் என்னும் நொதி புரதக் கைனேஸ் அன்று; அது பாஸ்பேட்டைக் கிரியாட்டின் என்னும் சிறு மூலக்கூறின் மேல் பொருத்துவது. எனினும் அதன் எலும்புத்தசை வடிவம் எம்எம் என்றும், மூளை வடிவம் பிபி என்றும், இதயத்தசையில் குறிப்பிடத்தக்க அளவில் காணப்படும் கலப்பு வடிவம் எம்பி என்றும் பிரித்தறியப்பட்டு, இரத்தத்தில் எம்பி உயர்ந்திருந்தால் இதயத்தசை சிதைந்திருக்கலாம் என ஊகிக்கும் சோதனை பல்லாண்டு வழக்கில் இருந்தது. இன்று பெரும்பாலும் டிரோப்போனின் சோதனை அதன் இடத்தைப் பெற்றுள்ளது. நொதியின் வடிவத்தைக் கொண்டு அது புறப்பட்ட இடத்தை அறியலாம் என்பதே அச்சோதனையின் அடிப்படை.

3. தசையின் வடிவமும் கல்லீரலின் வடிவமும்

முதலில் கண்டறியப்பட்ட பாஸ்பாரிலேஸ் கைனேஸே திசுப் பரவலுக்கு நல்ல சான்றாகவும் அமைகிறது. அது ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்னும் நால்வகைப் புரதங்கள் ஒவ்வொன்றும் நந்நான்காகச் சேர்ந்த, பதினாறு அலகுகள் கொண்ட பெரும் கூட்டமைப்பு. வேதிவினையைச் செய்வது காமா. கால்சியத்தை உணர்வது டெல்டா. ஆல்பாவும் பீட்டாவும் அவ்வினையை அடக்கியும் விடுவித்தும் ஒழுங்குபடுத்துகின்றன. ஆல்பாவுக்கும் காமாவுக்கும் தசைக்கென ஒரு மரபணுவும் கல்லீரலுக்கென வேறொரு மரபணுவும் உள்ளன.

தசையில் சேமித்த கிளைக்கோஜன் அத்தசைக்கே உரியது. நாற்று நடுபவரின் கையும் ஏற்றம் இறைப்பவரின் தோளும் சுருங்கும்போது வெளிப்படும் கால்சியமே கைனேஸையும் எழுப்புவதால், உழைப்பும் அதற்கான எரிபொருளும் ஒரே நொடியில் இணைகின்றன. கல்லீரலின் கிளைக்கோஜனோ உடல் முழுமைக்கும் பொதுவானது. இரவில் உண்ணாதிருக்கும் நேரத்தில் மூளைக்கும் இரத்தத்துக்கும் சர்க்கரை தருவது அதன் கடமை. ஆகவே கல்லீரல் வடிவத்தின் ஆல்பா அலகுக்குரிய, எக்ஸ் நிறப்புரியில் அமைந்த மரபணு பழுதுபட்டால், பெரும்பாலும் ஆண் குழந்தைகளிடம் கல்லீரல் வீக்கமும் வளர்ச்சித் தாமதமும், உண்ணாதிருந்தால் சர்க்கரைக் குறைவும் தோன்றுகின்றன. பலரிடம் வயது ஏற ஏற இக்குறிகள் தணிகின்றன. தசை வடிவம் பழுதுபட்டவரிடம் கல்லீரல் நலமாக இருக்க, உழைப்பின்போது தசைச் சோர்வும் வலியும் தோன்றுகின்றன. வேதிவினை ஒன்றே, நோயோ இடத்துக்கு இடம் வேறு.

4. ஏகேடி குடும்பமும் இன்சுலினும்

இன்சுலின் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைத் தொட்டபின், அச்செய்தி உள்ளே செல்லும் பாதையில் நடுநாயகமாக நிற்பது ஏகேடி என்னும் கைனேஸ். அதற்கு மூன்று உடன்வடிவங்கள் உண்டு. ஏகேடி-1 ஏறத்தாழ எல்லாத் திசுக்களிலும் பரவியிருக்கிறது. ஏகேடி-2 தசை, கல்லீரல், கொழுப்புத் திசு ஆகிய, இன்சுலினுக்கு மிகவும் கட்டுப்பட்ட இடங்களில் செறிந்திருக்கிறது. ஏகேடி-3 மூளையிலும் விரையிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. தசையில் இன்சுலினின் ஆணைப்படி குளுக்கோஸ் கடத்திகள் உயிரணுவின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு ஏறிவருவதற்கு வழிவிடுவது ஏகேடி-2.

மூன்றும் அமினோ அமில வரிசையில் மிக நெருங்கியவை ஆதலால் ஒன்றில்லாவிட்டால் மற்றொன்று ஈடுசெய்யும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. எலிகளில் செய்த ஆய்வுகள் அந்த எதிர்பார்ப்பைத் திருத்தின. ஏகேடி-1 நீக்கப்பட்ட எலிகள் உருவில் சிறுத்தன. ஏகேடி-2 நீக்கப்பட்ட எலிகளிடம் இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் சரிவரப் பணியாத, நீரிழிவையொத்த நிலை தோன்றியது என 2001-ல் அறிவிக்கப்பட்டது. ஏகேடி-3 நீக்கப்பட்டவற்றின் மூளை சிறுத்தது என 2005-ல் அறியப்பட்டது. மனிதரிடமும் ஏகேடி-2 மரபணுவில் ஏற்பட்ட ஒரே எழுத்து மாற்றம் ஒரு குடும்பத்தில் கடுமையான இன்சுலின் எதிர்ப்பையும் நீரிழிவையும் தந்ததை 2004-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில், புதுச்சேரியின் அருகே அமைந்துள்ள இரும்பை போன்ற ஊர்களுக்கு இச்செய்தி தொலைவிலுள்ள ஆய்வகத்தின் செய்தி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் மதிப்பிட்டது. வயதுவந்தோரிடையே அதன் விகிதம் நாட்டளவில் 11.4 விழுக்காடாகவும், தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடாகவும், புதுச்சேரியில் 26.3 விழுக்காடாகவும் இருந்தது. இவர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் ஏகேடி-2 மரபணு பழுதற்றதாகவே இருக்கும். அவர்களிடம் தளர்ந்திருப்பது உணவு, உடலுழைப்பு, மரபு ஆகிய பலவற்றின் கூட்டால் அந்தப் பாதையின் ஓட்டம். அரிதான அந்தக் குடும்பத்தின் மரபணு மாற்றம் கற்பிப்பது, பரவலான நோயில் எந்தத் திசுவின் எந்த வாயிலை நோக்க வேண்டும் என்பதையே.

5. ஏஎம்பிகே: ஒரே பெயரில் பன்னிரண்டு வடிவங்கள்

உயிரணுவில் எரிபொருள் குறைவதை உணரும் கைனேஸ் ஏஎம்பிகே. ஏடிபி செலவாகச் செலவாக ஏஎம்பி என்னும் எஞ்சிய மூலக்கூறு பெருகுகிறது. அது ஏஎம்பிகேயில் ஒட்டிக்கொண்டதும் அந்நொதி விழித்து, கொழுப்பையும் சர்க்கரையையும் எரிக்கும் வழிகளைத் திறந்து, புதிதாகச் சேமிக்கும் வழிகளை அடைக்கிறது. உடற்பயிற்சியும் பட்டினியும் இதை எழுப்புகின்றன. நீரிழிவுக்கு முதலில் தரப்படும் மெட்ஃபார்மின் மருந்தும் பெரிதும் கல்லீரலில் ஆற்றல் நிலையைத் தொட்டு, ஒரு வழியாக இக்கைனேஸை எழுப்புகிறது, வேறு வழிகளாலும் செயல்படுகிறது.

வினை செய்யும் ஆல்பா, தாங்கி நிற்கும் பீட்டா, ஏஎம்பியை உணரும் காமா என மூன்று அலகுகள் சேர்ந்ததே ஓர் ஏஎம்பிகே. ஆல்பாவுக்கு இரண்டும், பீட்டாவுக்கு இரண்டும், காமாவுக்கு மூன்றும் மரபணுக்கள் இருப்பதால், ஆல்பா, பீட்டா, காமா ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பன்னிரண்டு சேர்க்கைகள் கிடைக்கின்றன. ஆல்பா-1, காமா-1 ஆகியவை பல திசுக்களில் பரவலாக உள்ளன. ஆல்பா-2 எலும்புத்தசையிலும் இதயத்திலும் முன்னிற்கிறது. காமா-2 இதயத்தில் சிறப்பிடம் பெறுகிறது. காமா-3 ஏறத்தாழ எலும்புத்தசைக்கு மட்டுமே, அதிலும் விரைவாகச் சுருங்கும் இழைகளுக்கே உரியது.

இந்த இடவேறுபாட்டின் பொருளை இரு நிகழ்வுகள் தெளிவாக்கின. ஹாம்ப்ஷயர் என்னும் பன்றி இனத்தில் தசையில் கிளைக்கோஜன் மிகுவதால் இறைச்சியின் தரம் குன்றுவதை வளர்ப்போர் நெடுநாள் அறிந்திருந்தனர். அதற்குக் காரணம் காமா-3 மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம் என 2000-ல் கண்டறியப்பட்டது. அப்பன்றிகளின் தசைக் கிளைக்கோஜன் ஏறத்தாழ 70 விழுக்காடு மிகுந்திருந்தபோதும், கல்லீரலிலும் இதயத்திலும் அம்மிகுதி இல்லை. மறுபுறம், மனிதரில் காமா-2 மரபணு மாறிய குடும்பங்களில் இதயத்தசையில் கிளைக்கோஜன் சேர்ந்து தசை தடிப்பதும், மின்துடிப்பு தவறான குறுக்குவழியில் பாய்ந்து இதயத்துடிப்பு ஒழுங்கு கெடுவதும் 2001-ல் விளக்கம் பெற்றன. இரு மரபணுக்களும் உடன்பிறப்புகள்; தவறும் ஒத்த இயல்பினது; ஒன்று இறைச்சியின் தரத்தோடு நிற்க, மற்றொன்று உயிரைத் தொடுகிறது, ஏனெனில் ஒன்று வாழும் இடம் தொடைத்தசை, மற்றொன்று வாழும் இடம் இதயம்.

இப்பாடம் மருந்து ஆக்குவோருக்கும் நேரே பயன்பட்டது. பன்னிரண்டு சேர்க்கைகளையும் ஒருங்கே எழுப்பும் மருந்துப்பொருள் ஒன்று விலங்குகளில் இரத்தச் சர்க்கரையைத் திறம்படக் குறைத்தது; ஆனால் இதயத்தில் கிளைக்கோஜன் சேர்வதோடு இதயம் பருத்ததையும் 2017-ல் வெளியான அதே ஆய்வு தெரிவித்தது. தசையில் நன்மையான ஆணை இதயத்தில் சுமையாகிறது என்பதால், எலும்புத்தசையின் வடிவத்தை மட்டும் தொட்டு இதயத்தின் வடிவத்தை விட்டுவிடும் மூலக்கூறு கிடைக்குமா என்பதே இத்துறையின் பெரும் கேள்வியாக நிற்கிறது.

6. மூளையிலும் இரத்தத்திலும் மட்டும் வாழ்பவை

ஜப்பானின் கோபே நகரில் யசுடோமி நிஷிசுகா குழுவினர் 1977-ல் கண்டறிந்த புரதக் கைனேஸ் சி, பின்னர் ஏறத்தாழ பத்து வடிவங்கள் கொண்ட குடும்பமாக விரிந்தது. விழிப்பதற்குக் கால்சியமும் டையசில்கிளிசரால் என்னும் கொழுப்பு மூலக்கூறும் வேண்டுபவை ஒரு பிரிவு. கொழுப்பு மூலக்கூறு மட்டும் போதுமானவை இரண்டாம் பிரிவு. இரண்டுமே வேண்டாதவை மூன்றாம் பிரிவு. இவற்றுள் ஆல்பா பரவலாக எங்கும் காணப்பட, காமா வடிவம் மூளையோடும் தண்டுவடத்தோடும் நின்றுவிடுகிறது. அதிலும் சிறுமூளையின் பர்க்கின்ஜி அணுக்கள் என்னும் பெரிய நரம்பணுக்களில் அது செறிந்துள்ளது. அதன் மரபணு மாறினால், சிறுமூளை மெல்லச் சிதைந்து நடை தள்ளாடும் பரம்பரை நோய் ஒன்று ஏற்படுவது 2003-ல் அறியப்பட்டது. காமா குடியிருக்கும் இடமே அந்நோயின் எல்லையையும் வரைந்துவிடுகிறது. தீட்டா என்னும் வடிவமோ நோயெதிர்ப்பின் டி அணுக்களிலும் எலும்புத்தசையிலும் சிறந்து நிற்கிறது.

இரத்த அணுக்களுக்கென அமைந்த கைனேஸ்கள் இன்னும் கூர்மையான சான்று. ஜாக் குடும்பத்தின் நான்கு உறுப்பினருள் மூன்று பல திசுக்களில் பரவியிருக்க, ஜாக்-3 பெரும்பாலும் இரத்த அணுக்களின் வழித்தோன்றல்களிலேயே வாழ்கிறது. அது பழுதுபட்ட குழந்தையின் மற்ற உறுப்புகள் செம்மையாக அமைந்திருந்தும், நோயெதிர்ப்பு மட்டும் அடியோடு செயலிழந்துவிடுவது 1995-ல் விளங்கியது. ஓக்டன் புரூட்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1952-ல் ஒரு சிறுவனின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் இல்லாமையை விவரித்தார். அதற்குக் காரணமான கைனேஸ் 1993-ல் கண்டறியப்பட்டு அவர் பெயராலேயே புரூட்டன் கைனேஸ் என வழங்குகிறது. எதிர்ப்பொருள்களை ஆக்கும் பி அணுக்களில் அது இன்றியமையாதது, டி அணுக்களில் அது இல்லை. ஆதலால் அதை அடக்கும் மருந்துகள் பி அணுப் புற்றுநோய்களில் பயன்படுகின்றன. இயற்கை ஒரு குழந்தைக்கு இழைத்த இழப்பே, மருந்து எந்த இடத்தில் பாயலாம், எந்த இடத்தைத் தொடாமல் விடும் என்பதைக் காட்டும் குறிப்பாக மாறியது.

7. மருந்து சென்றடையும் இடங்கள்

வாயால் உட்கொள்ளும் மருந்து இரத்தத்தோடு உடலெங்கும் பரவுகிறது. தான் போகக்கூடாத இடம் எது என்று அதற்குத் தெரியாது. ஆகையால் அது தொடும் கைனேஸ் எங்கெல்லாம் வாழ்கிறதோ அங்கெல்லாம் அதன் விளைவும் தோன்றும். இமாட்டினிப் என்னும் மருந்து இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9-ஆம், 22-ஆம் நிறப்புரிகளின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், பிசிஆர்-ஏபிஎல் என்னும், நலமான உயிரணுவில் இல்லாத ஒரு கலப்புக் கைனேஸ் உருவாகி ஓயாது விழித்தேயிருக்கிறது. நோயுற்ற அணுவில் மட்டுமே இருக்கும் அக்கைனேஸை அடக்கும் மருந்தாக 2001-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப், முன்பு உயிர்க்கொல்லியாக இருந்த நோயைப் பலரிடம் மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடியதாக மாற்றியது.

இம்மருந்தின் இந்திய வரலாற்றில் சென்னைக்கு நீங்காத இடம் உண்டு. அதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் அளிக்கப்பட்ட விண்ணப்பம் 2006-ல் மறுக்கப்பட்டது. மறுப்புக்கு அடிப்படையான 3(டி) பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று இறுதியாக அம்மறுப்பை உறுதி செய்தது. அதனால் குறைந்த விலையில் இந்திய நிறுவனங்கள் ஆக்கும் இமாட்டினிப் எளிய மக்களுக்கும் எட்டும் நிலை நிலைபெற்றது.

அம்மருந்தை நெடுநாள் உட்கொள்வோர் சிலரிடம் தோலின் நிறம் வெளிறுவது உண்டு. கருநிறத் தோலினரிடம் அது எளிதில் கண்ணில் படுகிறது. காரணம் திசுப் பரவலில் இருக்கிறது. இமாட்டினிப் ஏபிஎல் கைனேஸோடு கிட் என்னும் கைனேஸையும் அடக்குகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் அணுக்கள் வாழ்வதற்கும் நிறமியாக்குவதற்கும் கிட் தேவை. இதே கிட், குடலின் அசைவுக்குத் தாளம் தரும் அணுக்களிலும் வாழ்வதால், அவ்வகை அணுக்களோடு தொடர்புடைய குடல் கட்டிகளுக்கு அதே மாத்திரை மருந்தாகிறது. எலும்பு மச்சையில் நோய் தணிவதும், வயிற்றுக் கட்டி சுருங்குவதும், முகத்தின் நிறம் வெளிறுவதும் தம்முள் தொடர்பற்றவையாகத் தோன்றினாலும், கைனேஸ்களின் வசிப்பிடப் படத்தைக் கையில் வைத்துப் பார்ப்போருக்கு மூன்றும் ஒரே வாக்கியமாகப் படிக்கக் கிடைக்கின்றன. பக்கவிளைவு என்று பெயர் பெறுவது பல வேளைகளில் நோயில்லாத இடத்தில் நிகழ்ந்த முதன்மை விளைவே. முன்கூட்டியே இதை எடுத்துரைக்கும் மருத்துவர், நோயாளி அஞ்சி மருந்தை இடையில் நிறுத்திவிடாமல் காக்கிறார்.

8. இடப்படம் வரையப்படும் முறை

ஒரு கைனேஸ் எந்தத் திசுவில் எவ்வளவு உள்ளது என்பதை அறிய மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவை அளப்பது முதல் வழி. அது எளிது, ஆனால் செய்தி இருப்பதனாலேயே அதே அளவில் புரதமும் இருக்கும் என்று கொள்ள முடியாது. அக்குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் திசுச் சீவல் மேல் இட்டு, நிறத்தால் அதன் இருப்பிடத்தைக் காண்பது இரண்டாவது வழி. ஸ்வீடனில் மத்தியாஸ் உலேன் தலைமையில் 2003-ல் தொடங்கிய மனிதப் புரத வரைபடத் திட்டம் பெரிதும் இவ்வழியில் நடந்தது. இதன் இடர்ப்பாடு உடன்வடிவங்களின் ஒற்றுமையிலேயே இருக்கிறது: ஏகேடி-1ஐத் தேடும் எதிர்ப்பொருள், முகச்சாயலில் மயங்கி ஏகேடி-2ஐயும் பற்றிக்கொண்டால் படம் பிழைபடும். புரதங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி, நிறை நிறமாலைமானி என்னும் கருவியால் துண்டுகளின் எடையை நுட்பமாக அளந்து, எந்தப் புரதத்தின் துண்டு என்று இனங்காண்பது மூன்றாவது வழி. இங்கும் ஓர் உடன்வடிவத்துக்கே தனியுரிமையான துண்டு கிடைத்தால்தான் முடிவு உறுதியாகும்.

இம்மூன்றாம் வழியில் இந்தியா பெரும்பங்கு ஆற்றியது. பெங்களூருவிலுள்ள உயிர்த்தகவலியல் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து, அகிலேஷ் பாண்டே தலைமையில் வரைந்த மனிதப் புரதத் தொகுதியின் முதல் வரைவுப் படம் 2014-ல் நேச்சர் இதழில் வெளிவந்தது. முதிர்ந்தோரின் 17 திசுக்கள், கருவின் 7 திசுக்கள், தூய்மையாகப் பிரித்தெடுத்த 6 வகை இரத்த அணுக்கள் என 30 மாதிரிகளை ஆய்ந்து, 17,294 மரபணுக்களின் புரதங்களை அக்குழு இனங்கண்டது. அது புரதம் ஆக்கும் மனித மரபணுக்களில் ஏறத்தாழ 84 விழுக்காடு.

படத்தைப் படிப்போர் இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் இருத்த வேண்டும். கல்லீரல் என்று ஒரு சொல்லால் குறிக்கப்படும் உறுப்பில் சர்க்கரையைக் கையாளும் அணு, கிருமியை விழுங்கும் அணு, இரத்தக்குழாயின் சுவரணு எனப் பலவகை வாழ்வதால், மொத்தமாக அரைத்து அளந்த எண் அவற்றுள் யாருடையது என்று சொல்லாது. ஓர் ஊரின் மொத்த விளைச்சலைக் கொண்டு ஒவ்வொரு வயலின் விளைச்சலையும் அறிய இயலாததை ஒத்தது இது. கைனேஸின் இருப்பும் அதன் செயலும் ஒன்றல்ல என்பது இரண்டாவது. மிகுதியாக இருந்தும் உறங்கும் கைனேஸ் உண்டு, சிறிதளவே இருந்தும் உயிரணுவை ஆளும் கைனேஸ் உண்டு. இடனறிதலோடு வலியும் காலமும் சேர்ந்தே முழு அறிவாகும்.

9. நிறைவு

இரும்பை ஏரியின் நீர் எல்லா வயலுக்கும் ஒன்றே. எந்த மதகு எந்த வாய்க்காலுக்குத் திறக்கிறது என்பதைக் கொண்டே ஒரு வயல் நெல்லும் மற்றொன்று மணிலாவும் விளைகின்றன. ஏடிபியும் இன்சுலினும் உடலெங்கும் ஒன்றே. தசையின் வாயிலில் ஏகேடி-2 நிற்பதும், இதயத்தில் காமா-2 நிற்பதும், சிறுமூளையில் புரதக் கைனேஸ் சி-யின் காமா வடிவம் நிற்பதும்தான் திசுக்களைத் தனித்தன்மை உடையனவாக ஆக்குகின்றன. வயதுவந்தோருள் நால்வரில் ஒருவருக்கும் மேல் நீரிழிவு உள்ள புதுச்சேரியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும், நாளைய மருந்து தசையை மட்டும் எழுப்பி இதயத்துக்கு ஊறு செய்யாமல் விடுமா என்பது இந்த இடப்படத்தின் துல்லியத்தைப் பொறுத்தது.

அத்துல்லியத்துக்கு மூலப்பொருள் கருவியன்று, மனிதத் திசு. இறந்தோரின் உறவினரும் அறுவை சிகிச்சைக்கு உள்ளானோரும் மனமுவந்து அளித்த மாதிரிகளே இதுவரை வரைந்த ஒவ்வொரு படத்துக்கும் அடித்தளம். பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தின் மூளைத்திசு வங்கி 1995 முதல் அத்தகைய கொடையால் வளர்ந்துவருகிறது; சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 5,132 சீவல்களைக் கொண்டு வெளியிட்ட, தரணி எனப் பெயரிட்ட கருநிலை மூளைப் படத் தொகுதி, துயரத்தின் நடுவிலும் ஒப்புதல் தந்த குடும்பங்களால் இயன்றது. இத்தகைய சீவல்களின் மேல்தான் எந்தக் கைனேஸ் எந்த அணுவில் வாழ்கிறது என்னும் அடுத்த அடுக்கு எழுதப்பட வேண்டியிருக்கிறது. கண்தானத்தை அறமாக ஏற்றுக்கொண்ட தமிழ்ச் சமூகம், உரிய ஒப்புதலோடும் மதிப்போடும் பெறப்படும் திசுக்கொடையையும் அவ்வாறே ஏற்குமாயின், வருங்கால மருத்துவர் இம்மண்ணின் நோயாளிக்கு மருந்தெழுதும்போது, அது சென்றடையும் இடம் அறிந்து எழுதுவார்.